வாடகைப் பாக்கியும் பழைய கடனும்: ராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கான இலவச சமரச வழிகாட்டி

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு, ராமநாதபுரம் கடற்கரையில் எல்லா ஊர்களிலும் ஒரே வகைக் கடனை விட்டுச் செல்லவில்லை. யாத்ரீகர் வராமல் பூட்டிக் கிடந்த ராமேஸ்வரத்துக் கடைகளுக்கு வாடகைப் பாக்கி ஏறியது. நண்டும் கணவாயும் இறாலும் ஏற்றுமதிக்குப் போகாமல் விலை சரிந்தபோது, மண்டபத்திலும் பாம்பனிலும் சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) வியாபாரிகளிடம் வாங்கியிருந்த முன்பணம் அடைபடாமல் நின்றது. வளைகுடா நாடுகளில் வேலை இழந்து கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் தொண்டிக்கும் திரும்பியவர்களின் வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. இதற்குப் பின்னரும் தீவுக்கு விடிவு உடனே வரவில்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் வரவில்லை. ஒரு பாக்கியை அடைக்கும் முன்பே அடுத்த பாக்கி சேர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

இந்தப் பாக்கிகளில் பெரும்பாலானவற்றைப் பணம் செலவழிக்காமல், வழக்கு போடாமல், நீதிமன்றத் தீர்ப்புக்குரிய வலிமையோடு பேசித் தீர்த்துக்கொள்ள அரசு அமைப்புகள் இருக்கின்றன. அங்கே போவதற்குக் காசு தேவையில்லை. ஆனால் கணக்கு எழுதாமலும் தன் கெடு (வழக்குப் போடச் சட்டம் தரும் கால வரம்பு) எது என்று தெரியாமலும் போகிறவர், கையெழுத்திட்ட மறுமாதமே தவணை தவறி முன்னிருந்ததைவிட மோசமான நிலைக்கு வந்துவிடுகிறார். ஆகவே இந்த வழிகாட்டி, எங்கே போவது என்பதைவிட எப்படித் தயாராகிப் போவது என்பதையே அதிகம் பேசுகிறது. குடியிருப்பவர், வீட்டுக்காரர், கடன் வாங்கியவர், கடன் கொடுத்தவர் ஆகிய நால்வருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: எந்த வாசல் எதற்கு என்று அறிதல்

ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. முதன்மை மாவட்ட நீதிபதியே அதன் தலைவர். வட்ட அளவில் நீதிமன்றம் உள்ள ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். தீவில் இருப்பவர் ராமேஸ்வரத்திலும், தொண்டிப் பக்கம் இருப்பவர் திருவாடானையிலும் விசாரிக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் இவை அமைக்கப்பட்டன. தொலைபேசியில் கேட்பதற்கு நாடு முழுவதற்குமான கட்டணமில்லா எண் 15100.

இந்த அலுவலகத்தில் இரண்டு தனித்தனி உதவிகள் கிடைக்கும். ஒன்று, இலவச வழக்கறிஞர். இது பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில் நிறுவனத் தொழிலாளர்கள், புயல் வெள்ளம் போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டோர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் கிடைக்கும். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மற்றொன்று, மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்), அதாவது இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டதைத் தீர்வாகப் பதிவு செய்யும் அமர்வு. இதற்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் வசதியானவர் என்பதால் அவர் இங்கே வரக்கூடாது என்றோ, கடைக்காரர் வருமான வரி கட்டுகிறவர் என்பதால் அவர் மனு செல்லாது என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வருமானக் கணக்கு வழக்கறிஞர் உதவிக்குத்தான்.

வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி நீதிபதியே அதைச் சமரச மையத்துக்கு அனுப்பலாம். இந்த வகையில் தமிழ்நாடு முன்னோடி. நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கப்பட்டது. இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் அத்தகைய மையங்கள் உள்ளன. அங்கே அமர்பவர் பயிற்சி பெற்ற சமரசர். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் சந்தித்துப் பேசுவார். அவரிடம் நீங்கள் சொன்னதை எதிர்த் தரப்பு பிறகு நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. மையத்தில் பேசித் தீர்ந்தால், நீங்கள் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சார்ந்த ஒரு வழக்கில் உறுதி செய்தது.

வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனம், குழுக்கடன் தரும் நுண்நிதி நிறுவனம் ஆகியவற்றின் மீதான குறைகளுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் தர வேண்டும்; 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ அடுத்து அங்கே செல்லலாம். அதற்கான தகவல் எண் 14448.

ஊர்க் கூட்டமும் ஜமாஅத்தும் பங்குத் தந்தையும் நம் கடற்கரையில் தலைமுறைகளாகப் பிணக்குகளைத் தீர்த்து வருகிறார்கள். அந்த மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இரு தரப்பையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் வலிமை பல நேரங்களில் அவர்களுக்குத்தான் உண்டு. ஆனால் அங்கே எழுதப்படும் தாள் ஓர் ஒப்பந்தம் மட்டுமே. எதிர்த் தரப்பு மீறினால் அதை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும். ஊரில் பேசி முடித்ததை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்வதே சிறந்த வழி. மிரட்டியும் ஊரை விட்டு ஒதுக்கியும் தண்டம் விதித்தும் நடத்தப்படும் கட்டப் பஞ்சாயத்து வேறு. அது சட்டவிரோதம், அங்கே வாங்கப்பட்ட கையெழுத்துக்கு எதிராகக் காவல் துறையில் புகார் தரலாம்.

இரண்டாம் படி: சமரசத்துக்கு உரியது எது, அல்லாதது எது

கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவை சமரச மேசைக்குரியவை அல்ல. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி அவை குற்றம்; 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. காலையில் கடலுக்குப் போக 10,000 ரூபாய் வாங்கி, மாலையில் அதற்கு வட்டி கட்டி வந்தவர், அசலைப் போல மூன்று மடங்கு கட்டிய பின்னும் எழுதிக் கொடுத்த புரோநோட்டைத் (கடன் உறுதிச் சீட்டை) திரும்பப் பெற முடியாமல் இருந்தால், அவர் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கும் மனு கொடுக்க வேண்டும். சட்டப் பணிகள் அலுவலகம் அந்த மனுவை எழுதித் தர உதவும்.

கடன் நிறுவனத்தின் ஆட்கள் வீட்டு வாசலில் உட்காருவது, பொருளைத் தூக்கிச் செல்வது, பெண்களை அவமதிப்பது ஆகியவற்றைத் தடுக்கவும் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டம் இயற்றியது. நுண்நிதிக் கடன்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் உள்ளன: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்தாரரைத் தொடர்பு கொள்ளக் கூடாது; ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும் வகையில் கடன் தரக் கூடாது; முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. ஒரே வீட்டில் நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்திருந்தால் இரண்டாவது விதி மீறப்பட்டிருக்க வாய்ப்புண்டு. சமரசத்தில் வட்டியைக் குறைக்கக் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் கிடைக்காது.

வாடகையில், பூட்டு மேல் பூட்டுப் போடுவதும் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிப்பதும் சமரசம் பேசி முடியும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம் அதைத் தடை செய்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். கோயில், வக்பு, அரசுக் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு நடைமுறை வேறு என்பதால் அவர்கள் முதலில் சட்டப் பணிகள் அலுவலகத்தில் தங்கள் ரசீதைக் காட்டிக் கேட்டுவிட்டு அடியெடுத்து வைக்க வேண்டும்.

மற்ற எல்லாமே, அதாவது வாடகைப் பாக்கி, அட்வான்ஸ் திரும்பத் தராமை, ஒத்திப் பணம், கைமாற்று, புரோநோட்டுக் கடன், காசோலை திரும்பிய வழக்கு, வங்கியின் வாராக்கடன், வியாபாரிக்கும் சம்மாட்டிக்கும் இடையிலான முன்பணம் ஆகியவை, பேசித் தீர்க்கக்கூடியவை.

மூன்றாம் படி: கெடுவைக் கணக்கிடுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்க வேண்டும். எதையாவது எழுதிக் கையெழுத்திடும் முன்பே படிக்க வேண்டும்.

கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக் கடனுக்கு நோட்டு எழுதிய நாளிலிருந்தும், வாடகைப் பாக்கிக்கு அந்தந்த மாத வாடகை தர வேண்டிய நாளிலிருந்தும், 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பெருந்தொற்றின்போது நீதிமன்றங்கள் முடங்கியதால், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கெடுக் கணக்கிலிருந்து கழிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 10 அன்று ஆணையிட்டது. ஆகவே ஊரடங்கு நாட்களில் எழுதிய நோட்டுக்கும் அந்த மாதங்களின் வாடகைக்கும் 2022 மார்ச் 1 அன்றுதான் கடிகாரம் ஓடத் தொடங்கியது. 2025 பிப்ரவரி இறுதியோடு கெடு முடிந்தது. இடையில் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டிருந்தாலோ, ஒரு பகுதியைக் கட்டி அந்த வரவைக் கையெழுத்தோடு எழுதியிருந்தாலோ, அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும்.

இதன் பொருள் இரு தரப்புக்கும் வேறுவேறு. கடன் வாங்கியவர், கெடு முடிந்த கடனுக்கு ‘நான் இதைத் தந்துவிடுகிறேன்’ என்று இன்று எழுதிக் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி செத்த கடன் முழு உயிர் பெறும். பேச்சு தொடங்கும் முன் கடன் கொடுத்தவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. கடன் கொடுத்தவரும் வீட்டுக்காரரும், வழக்குப் போட்டால் தள்ளுபடி ஆகக்கூடிய தொகைக்குப் பாதி கிடைத்தாலும் அது லாபம் என்பதை உணர்ந்து மேசைக்கு வரலாம். கெடு முடிந்ததால் கடன் தீர்ந்துபோனதாகச் சட்டமும் சொல்லவில்லை, நம் ஊர் மனசாட்சியும் சொல்லாது. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதே என் கருத்தும். எவ்வளவு, எத்தனை நாளில், வட்டி உண்டா இல்லையா என்பதைத் தெரிந்துகொண்டு தர வேண்டும்.

பதிவு செய்த அடமானக் கடனுக்குக் கெடு 12 ஆண்டு. நகைக்கடனில் நகை அவர்கள் கையிலேயே இருப்பதால் கெடு பற்றிய வாதம் பெரிதாக உதவாது. அங்கே ஏல அறிவிப்பு வந்தவுடன் ஓடுவதுதான் முக்கியம். கெடு இன்னும் முடியாதவர்கள், சமரசப் பேச்சு நடப்பதால் கடிகாரம் நின்றுவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கடைசி மாதத்தில் இருந்தால் வழக்கைப் போட்டுவிட்டு, அதன் பிறகு சமரசத்துக்கு அனுப்பக் கேட்பதே பாதுகாப்பு.

நான்காம் படி: தாள்களைச் சேர்த்தல்

வாடகைக்கு: ஒப்பந்தம், ரசீதுகள், அட்வான்ஸ் கொடுத்ததற்கான சான்று, மின் கட்டண ரசீதுகள், கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவுகள். ஒப்பந்தமே எழுதாதவர்கள் இங்கே பலர் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் எழுதப்படாமல் போனதே வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாகிவிடும். ஆகவே சமரசத்தின் முடிவில் புதிய ஒப்பந்தம் எழுதுவதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது இருவருக்கும் நல்லது.

கடனுக்கு: வங்கிக் கணக்கு அறிக்கை, குழுக்கடன் அட்டை, வழக்கறிஞர் அறிவிப்பும் அது வந்த உறையும், காசோலை எண்கள், நோட்டின் நகல். வங்கி அறிக்கையில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களைத் தனியே பாருங்கள். அந்த ஆறு மாதங்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது. அந்தக் காலத்தில் வட்டிக்கு வட்டி போடக் கூடாது, போட்டிருந்தால் திருப்பித் தர வேண்டும் அல்லது வரவு வைக்க வேண்டும் என்று 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வரவு அறிக்கையில் இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

வருமானத்துக்கு: மீனவர் அடையாள அட்டை, தடைக்கால நிவாரணம் வரவான பாஸ்புத்தகப் பக்கம், வியாபாரி தரும் துண்டுச் சீட்டுகள், கடையின் விற்பனைக் குறிப்பேடு. இவற்றைக் கொண்டுபோக யாரும் சொல்லித் தருவதில்லை. தவணை எவ்வளவு என்று பேசும் நேரத்தில் பேச்சை மாற்றுபவை இவைதான்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். கீழக்கரையில் சமரசம் பேசி முடித்தும் பதிவாகாமல் நிற்பதற்கு இந்த ஒரு தாள் காரணமாகிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: மனு எழுதுதல்

வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், கட்டணம் இல்லை. எழுத இயலாதவர்களுக்கு அலுவலகத்தில் உள்ள சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். மனு இப்படி அமையலாம்:

‘நான் தங்கச்சிமடத்தில் எதிர்மனுதாரருக்குச் சொந்தமான கடையில் 2017 முதல் மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு இருந்து வருகிறேன். 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துள்ளேன். தொழில் முடங்கியதால் 10 மாத வாடகை நிலுவையில் உள்ளதாக எதிர்மனுதாரர் கூறுகிறார். தொகை குறித்தும் கடையில் தொடர்வது குறித்தும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது. எதிர்மனுதாரரை அழைத்து மக்கள் நீதிமன்றம் மூலம் சமரசமாகத் தீர்த்து வைக்க வேண்டுகிறேன்.’

இதில் இரண்டைக் கவனியுங்கள். நிலுவைத் தொகையை மனுதாரர் தானாக ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்த் தரப்பு கூறுவதாக எழுதியிருக்கிறார். மேலும், யார் மீதும் பழி சொல்லவில்லை. மனுவின் நகல்தான் எதிர்த் தரப்புக்குப் போகும். அதில் ஏச்சு இருந்தால் அவர் வரமாட்டார். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகம் எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு அனுப்பி நாள் குறிக்கும். அவர் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நீதிபதி தலைமை வகிக்கும் அலுவலகத்திலிருந்து வரும் தபாலை மதிக்காமல் இருப்பவர் குறைவு.

தேசிய மக்கள் நீதிமன்றம் வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை, பெரும்பாலும் சனிக்கிழமையில் கூடும். வங்கிகள் அன்றைக்குத் தங்கள் மேலாளர்களைத் தள்ளுபடி வரம்போடு அனுப்புவதால், வங்கிக் கடன்காரர்கள் அந்த நாளைக் குறிவைத்து இரண்டு மாதம் முன்பே மனுக் கொடுப்பது நல்லது.

ஆறாம் படி: கடல் நாள்காட்டிப்படி தவணை பேசுதல்

சமரசங்கள் முறிவது பெரும்பாலும் தொகையால் அல்ல, தவணைத் தேதியால். சம்பளக்காரருக்கு மாதம் பன்னிரண்டும் ஒன்றுதான். விசைப்படகுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; அதற்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்றும் புயல் எச்சரிக்கையும் படகுகளைக் கரையில் கட்டி வைக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களுக்கும் பாசி எடுக்காத நாட்கள் உண்டு. ராமேஸ்வரத்துக் கடைக்கும் விடுதிக்கும் தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் மகா சிவராத்திரியும் கோடை விடுமுறையும் ஒரு கணக்கு, மற்ற நாட்கள் வேறு கணக்கு. இதையெல்லாம் மதுரையிலிருந்து வரும் வங்கி அதிகாரி அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சொல்ல வேண்டியவர் நீங்கள்.

90,000 ரூபாய்க்குத் தீர்ந்த ஒரு படகுக் கடனை எடுத்துக்கொள்வோம். மாதம் 7,500 வீதம் 12 தவணை என்று எழுதினால் மே மாதத் தவணை கட்டாயம் தவறும். தவறினால் தள்ளுபடி ரத்தாகும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் முழுக் கடனும் திரும்பிவிடும். அதையே ஜூலை முதல் அக்டோபர் வரை மாதம் 12,000, நவம்பர் டிசம்பரில் மாதம் 4,000, ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் 10,000, ஏப்ரல் 10-க்குள் கடைசி 4,000 என்று எழுதினால் அதே 90,000 இன்னும் இரண்டு மாதம் குறைவாகவே வந்து சேர்ந்துவிடும். கடன் கொடுத்தவருக்கும் இது லாபம்தான். கூடவே இரண்டு வரிகளைக் கேட்டு வாங்குங்கள்: ஒரு தவணை தவறினால் 30 நாள் அவகாசம்; புயல் எச்சரிக்கையாலோ படகு இலங்கைக் கடற்படையால் பிடிபட்டதாலோ தொழில் நின்றால், அந்த நாட்களுக்கு ஏற்பத் தவணை தள்ளிப்போகும்.

வாடகையில் பேச வேண்டியது தொகையும் அட்வான்ஸும் சேர்ந்த கணக்கு. ஊரடங்கு மாதங்களுக்கு வாடகையே கிடையாது என்று அரசு சொன்னதாகப் பலர் இன்றும் நம்புகிறார்கள். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை இட்ட ஆணை, தொழிலாளர்களிடம் ஒரு மாத காலத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றது. அதற்கு மேல் அது போகவில்லை. ஊரடங்கைக் காட்டி வாடகையை நிறுத்திவைக்க முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றமும் 2020 மே மாதத்தில் ஒரு கடை வழக்கில் கூறியது. எனவே தள்ளுபடி என்பது வீட்டுக்காரர் மனம் வைத்துத் தருவது. அதைக் கேட்டுப் பெறும் இடம்தான் சமரசம். அந்த வீட்டுக்காரரும் எல்லா நேரத்திலும் செல்வந்தர் அல்லர். கணவர் மறைந்தபின் முன்பக்க இரண்டு அறை வாடகையில் மருந்து வாங்கும் மூதாட்டிகள் கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் எத்தனையோ பேர்.

மேலே சொன்ன தங்கச்சிமடத்துக் கடையில் 10 மாதப் பாக்கி 80,000 ரூபாய். கடை முழுதாகப் பூட்டிக் கிடந்த 3 மாதத்தை வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்தால் 24,000 குறைந்து 56,000 ஆகும். அட்வான்ஸ் 50,000-இல் 26,000-ஐக் கழித்துக்கொண்டால் 30,000 மிஞ்சும். அதை மாத வாடகையோடு 2,500 வீதம் ஓராண்டில் கட்டிவிடலாம். மீதி அட்வான்ஸ் 24,000 என்பது 3 மாத வாடகை. வேறு உடன்பாடு இல்லாதபோது வாங்கக்கூடிய அட்வான்ஸுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கும் அளவும் அதுவே. புதிய ஒப்பந்தத்தை அந்தத் தொகையிலேயே எழுதிவிடலாம். இதே சட்டப்படி, 2 மாத வாடகை நிலுவையில் இருந்து, வீட்டுக்காரர் அறிவிப்புக் கொடுத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால், வெளியேற்றக் கேட்கலாம். ஆகவே வழக்கறிஞர் அறிவிப்பு வந்துவிட்டால் அந்த ஒரு மாதத்துக்குள் சமரச மனுவைக் கொடுத்துவிட வேண்டும், முடிந்த அளவு பணத்தையும் கட்டிவிட வேண்டும்.

ஒத்தி வீடுகளின் சிக்கல் இன்னும் ஆழமானது. 3 லட்சமோ 5 லட்சமோ வாங்கிக்கொண்டு வாடகையின்றி வீட்டைக் கொடுத்தவர், அந்தப் பணத்தைத் தொற்றுக்கால மருத்துவத்துக்கோ வளைகுடாவிலிருந்து திரும்பிய மகனின் செலவுக்கோ செலவழித்திருப்பார். குடியிருப்பவருக்கு வேறு வீடு பார்க்க அந்தப் பணம்தான் வேண்டும். ஒத்திப் பத்திரம் பதிவாகாமல் வெறும் முத்திரைத்தாளில் இருந்தால் அது அடமானமாக நிற்காது. பணம் கைமாறியதற்கான சான்றாகவே பயன்படும். இதற்குக் கெடு முடிந்துவிட்டதா என்பதை வழக்கறிஞர்தான் தாளைப் பார்த்துச் சொல்ல முடியும். சமரசத்தில் நடக்கக்கூடிய வழிகள் உண்டு: வீட்டுக்காரர் புதிய ஒத்திக்காரரைத் தேடும் வரை இருப்பவர் தொடர்ந்து இருப்பது; அல்லது பாதிப் பணத்தை உடனே தந்து, மீதிக்கு மாத வாடகையைக் கழித்துக்கொண்டே வருவது. எந்த வழியானாலும் பணமும் சாவியும் ஒரே நாளில், சட்டப் பணிகள் அலுவலகத்திலேயே கைமாற வேண்டும் என்று எழுதிவிடுங்கள். சாவியை முதலில் கொடுத்தவரும் பணத்தை முதலில் கொடுத்தவரும் பிறகு படும் பாடு பெரிது.

வியாபாரியின் முன்பணத்தில் வட்டி கிடையாது என்பார்கள். ஆனால் பிடிப்பதையெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். சமரசத்தில் தொகையை மட்டும் பேசாமல், அன்றைய சந்தை விலையில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு எடைக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும், கழித்ததற்குச் சீட்டு தர வேண்டும் என்பவற்றையும் எழுத வேண்டும். இல்லையேல் கடன் குறையும், விலையும் அதோடு சேர்ந்து குறையும்.

வங்கியோடு ஒரே தவணையில் தீர்க்கும்போது, மிச்சத்தைத் தள்ளிவிட்டதாகக் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் ஏறும். முழுதாக அடைத்ததாக ஏறாது. அடுத்த சில ஆண்டுகளில் படகுக்கோ வீட்டுக்கோ கடன் வாங்க எண்ணுபவர், தள்ளுபடியைவிட நீண்ட தவணையைக் கேட்பது நல்லதா என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: கையெழுத்து

மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. இந்த வலிமைதான் இதன் பயன், இதுவே இதன் ஆபத்தும். ஆகவே தமிழில் முழுதாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகை, தவணைத் தேதிகள், எந்தக் கணக்கில் கட்டுவது, தவறினால் என்ன, நிலுவையில் உள்ள காசோலை வழக்கை எப்போது திரும்பப் பெறுவது, ஈடாக வாங்கிய தாள்களை எப்போது தருவது என்ற அத்தனையும் அதில் இருக்க வேண்டும். வாயால் சொன்ன எந்த வாக்குறுதியும் நிற்காது. புரியவில்லை என்றால், அடுத்த அமர்வுக்கு வருகிறேன் என்று எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பெண் கடன்தாரர்கள் கணவரோ மகனோ சொன்னதற்காகக் கையெழுத்திட வேண்டியதில்லை; அவர்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு, அமர்வுக்கு முன்பே கேட்டுப் பெறலாம்.

காசோலை திரும்பிய குற்ற வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் தீர்ந்தாலும், அந்தத் தீர்வை உரிமையியல் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியுள்ளது.

எட்டாம் படி: கையெழுத்துக்குப் பின்

தீர்வின் நகலைக் கட்டணமின்றி அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவணையையும் வங்கி வழியாகக் கட்டுங்கள்; கையில் கொடுக்க நேர்ந்தால் தேதியோடும் கையெழுத்தோடும் ரசீது வாங்குங்கள். ஒரு தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே எதிர்த் தரப்புக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலைச் சட்டப் பணிகள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். எதிர்த் தரப்பு மீறினால் புதிய வழக்குத் தேவையில்லை. அதே தீர்வை வைத்து நிறைவேற்று மனுப் போடலாம், அதற்குக் கெடு 12 ஆண்டு.

கடைசித் தவணை கட்டிய நாளன்று வெறுங்கையோடு திரும்பாதீர்கள். புரோநோட்டு, நிரப்பாமல் கொடுத்த காசோலைகள், வெற்றுத் தாளில் இட்ட கையெழுத்து, அடகு வைத்த பத்திரம், படகின் பதிவுத் தாள் ஆகியவற்றைத் தீர்வில் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள். வங்கியிடம் நிலுவை இல்லை என்ற சான்றும், பதிவு செய்த அடமானமாக இருந்தால் அதை ரத்து செய்த ரசீதும் வேண்டும். அந்த ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பிறகு ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு தாள் தொலைந்துவிட்டதாக எதிர்த் தரப்பு சொன்னால், அது இனி செல்லாது என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாளை, சட்டப் பணிகள் அலுவலகத்தின் முன்னிலையில் வாங்கிய பிறகே எழுந்திருங்கள்.